கிரிமினல் கேஸை வேறு கோர்ட்டுக்கு மாற்றுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

"இந்தக் கோர்ட்டுல எனக்கு நியாயம் கிடைக்காதுங்க. கேஸை வேற ஊருக்கு மாத்த முடியுமா?"

கிரிமினல் வக்கீல்களிடம் ஓயாமல் வரும் கேள்வி இது. கேட்பவர் எதிரியாக, அதாவது குற்றம் சாட்டப்பட்டவராக, இருப்பார். புகார் கொடுத்தவராக இருப்பார். கொலையுண்டவரின் அண்ணனாகவோ, கைக்குழந்தையோடு வாய்தாவுக்கு அலையும் பெண்ணாகவோ இருப்பார். முடியும் என்பதுதான் பதில். ஆனாலும் நியாயமான பயத்தோடு வருகிற பலரின் டிரான்ஸ்பர் மனு தள்ளுபடியாகிவிடுகிறது. பயம் உண்மைதான், அதைத் தேதியோடும் ஆவணத்தோடும் காட்டாமல் விட்டிருப்பார்கள். அப்படி விடாமல் இருப்பது எப்படி என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இங்கே சொல்வது இந்தியச் சட்டம். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் (1973) இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பி.என்.எஸ்.எஸ்.) நடப்பில் இருக்கிறது. அதற்கு முன்பே நிலுவையில் இருந்த விசாரணைகள் பழைய சட்டப்படியே தொடர்கின்றன. தீர்ப்புகளும் வக்கீல்களும் இன்னும் பழைய எண்களையே சொல்வதால் இரண்டையும் சேர்த்தே தருகிறேன்.

உங்களுக்கு மாற வேண்டியது எது?

மனு எழுதுவதற்கு முன் இதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். "கோர்ட்டை மாத்தணும்" என்று சொல்பவரிடம் நிதானமாகக் கேட்டால், பல நேரம் அவருக்குத் தேவை வேறொன்றாக இருக்கும்.

தூரம்தான் சிக்கலா? நீங்கள் எதிரியாக இருந்து, சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்கு ஒவ்வொரு வாய்தாவுக்கும் போக முடியவில்லை என்றால், நேரில் வருவதிலிருந்து விலக்குக் கேட்கலாம். பி.என்.எஸ்.எஸ். 228 (பழைய 205), 355 (பழைய 317) ஆகிய பிரிவுகள் அதற்கானவை. வக்கீல் உங்களுக்காக ஆஜராவார். சாட்சி உங்களை அடையாளம் காட்டும் நாள், நீதிபதி உங்களிடம் கேள்வி கேட்கும் நாள், தீர்ப்பு நாள் போன்றவற்றுக்கு மட்டும் நீங்கள் போனால் போதும். சாட்சியாக இருந்தால் காணொலியில் சாட்சி சொல்ல அனுமதி கேட்கலாம். விசாரணையை மின்னணு முறையில் நடத்தப் புதிய சட்டத்தின் 530 ஆம் பிரிவு வெளிப்படையாகவே இடம் தருகிறது.

சாட்சியை மிரட்டுகிறார்களா? சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் 2018 இருக்கிறது. மகேந்தர் சாவ்லா வழக்கில் 2018 டிசம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம் அதை நாடு முழுவதற்கும் சட்டமாகவே அறிவித்தது. மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் மனுக் கொடுத்தால் போலீஸ் பாதுகாப்பு முதல் தற்காலிக இடமாற்றம் வரை உத்தரவிடலாம். மிரட்டுவது ஜாமீனில் இருக்கும் எதிரி என்றால் ஜாமீனை ரத்து செய்யக் கேட்பதும் வழிதான். பொய்ச்சாட்சி சொல்லும்படி மிரட்டுவது, இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 232 ஆம் பிரிவில் தனிக் குற்றம்.

போலீஸ் விசாரணை மேல்தான் நம்பிக்கை இல்லையா? அதற்கு டிரான்ஸ்பர் மனு உதவாது. ராம் சந்தர் சிங் சாகர் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் (1978) உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: கோர்ட்டில் இருக்கும் கேஸையோ அப்பீலையோ மாற்ற டிரான்ஸ்பர் பற்றிய சட்டப்பிரிவு அதிகாரம் தருகிறதே தவிர, ஒரு காவல் நிலையத்தில் நடக்கும் புலன்விசாரணையை வேறு காவல் நிலையத்துக்கு மாற்ற அல்ல. சி.பி.சி.ஐ.டி.க்கோ சி.பி.ஐ.க்கோ மாற்ற வேண்டுமென்றால் உயர் நீதிமன்றத்தில் அதற்கென்று வேறு மனு.

அந்தக் கோர்ட்டுக்கு இந்தக் கேஸை விசாரிக்கவே அதிகாரம் இல்லை, சம்பவம் வேறு ஊரில் நடந்தது என்பது உங்கள் வாதமா? அது ஆள்வரம்பு ஆட்சேபணை. அதே கோர்ட்டில் முதலிலேயே எழுப்ப வேண்டியது. கணவன் வீட்டுக் கொடுமைக் கேஸ்களில் இந்த ஆட்சேபணைக்கு இன்று பலம் குறைவு. புகுந்த வீட்டைவிட்டு வந்து பெண் எங்கே தஞ்சம் புகுந்தாளோ அந்த ஊர்க் கோர்ட்டும் விசாரிக்கலாம் என்று ரூபாலி தேவி வழக்கில் 2019 இல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்துவிட்டது. பிறந்த வீட்டுக்கு வந்துவிட்ட பெண்கள் பலருக்கு இது தெரிவதில்லை. தெரிந்திருந்தால் தொடக்கத்திலேயே சொந்த ஊரில் புகார் கொடுத்திருப்பார்கள். டிரான்ஸ்பர் என்ற பேச்சே வந்திருக்காது.

இவை எதுவும் போதாது, அந்த இடத்திலோ அந்த நீதிபதி முன்போ விசாரணை நடந்தால் நேர்மையாக நடக்காது என்ற நிலை இருந்தால்தான் டிரான்ஸ்பர் மனு.

எந்தக் கோர்ட்டில் மனு போடுவது?

மூன்று படிகள். எதிலிருந்து எதற்கு மாற்றக் கேட்கிறீர்கள் என்பதை வைத்துப் படி முடிவாகும்.

ஒரே செஷன்ஸ் எல்லைக்குள், அதாவது பெரும்பாலும் ஒரே மாவட்டத்துக்குள், ஒரு கோர்ட்டிலிருந்து இன்னொன்றுக்கு என்றால் மாவட்ட முதன்மை செஷன்ஸ் நீதிபதியிடம். பி.என்.எஸ்.எஸ். 448, பழைய 408. மேலூர் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலிருந்து மதுரை மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு என்பது போன்றவை.

ஒரு மாவட்டத்திலிருந்து வேறு மாவட்டத்துக்கு, ஆனால் அதே உயர் நீதிமன்றத்தின் எல்லைக்குள் என்றால் உயர் நீதிமன்றத்தில். பி.என்.எஸ்.எஸ். 447, பழைய 407. நம் ஊரில் இது கிரிமினல் ஓ.பி.யாக (ஒரிஜினல் பெட்டிஷன்) எண்ணிடப்படும். கேஸ் நடக்கும் மாவட்டம் மதுரை, திருச்சி, தஞ்சாவூர், திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி போல மதுரைக் கிளையின் கீழ் வந்தால் அங்கே, மற்றவை சென்னையில். புதுச்சேரியும் சென்னை உயர் நீதிமன்றத்தின் கீழ்தான்.

ஓர் உயர் நீதிமன்ற எல்லையிலிருந்து இன்னொன்றுக்கு, கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்கு என்பது போல என்றால், உச்ச நீதிமன்றம். பி.என்.எஸ்.எஸ். 446, பழைய 406. அங்கே மனுத் தாக்கல் செய்ய அட்வகேட் ஆன் ரெக்கார்ட் என்ற தகுதி பெற்ற வக்கீல் வேண்டும். 2019 இல் விதிகளைத் திருத்தியபின் இத்தகைய மனுக்களைத் தனி நீதிபதியே விசாரிக்கலாம்.

படியைத் தாண்டிக் குதிக்கக் கூடாது. ஒரே மாவட்டத்துக்குள் மாற்றம் கேட்பவர் செஷன்ஸ் நீதிபதியிடம் மனுப்போட்டு, அங்கே தள்ளுபடியான பிறகுதான் உயர் நீதிமன்றம் போகலாம் என்று சட்டமே சொல்கிறது. நேரே போனால் பதிவாளர் அலுவலகத்திலேயே மனு ரிட்டர்ன் ஆகும், வாரங்கள் வீணாகும்.

மாற்றிக் கேட்கும் கோர்ட்டுக்கு அந்தக் கேஸை விசாரிக்கும் தகுதியும் இருக்க வேண்டும். போக்சோ கேஸ் இன்னொரு போக்சோ சிறப்பு நீதிமன்றத்துக்குத்தான் போகும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டக் கேஸ் அதற்கென்று குறிக்கப்பட்ட கோர்ட்டுக்கு. மனுவின் பிரார்த்தனைப் பகுதியில், அதாவது என்ன உத்தரவு வேண்டும் என்று கேட்கும் பகுதியில், கோர்ட்டின் பெயரை எழுதும் முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

செக் கேஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு செய்தி. மாற்றுமுறை ஆவணச் சட்டம் எந்த ஊரில் கேஸ் போடுவது என்று தனியாகச் சொல்லியிருப்பதால் அதை மாற்றவே முடியாது என்று வாதிடுவது உண்டு. யோகேஷ் உபாத்யாய் வழக்கில் 2023 இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒரே கொடுக்கல் வாங்கலில் வந்த செக்குகளுக்காக நாக்பூரிலும் டெல்லியிலும் தனித்தனியே நடந்த கேஸ்களை டெல்லியில் ஒன்றாக்கியது.

எந்தக் காரணம் எடுபடும்?

உயர் நீதிமன்றத்துக்குச் சட்டம் தந்திருக்கும் காரணங்கள் சிலதான்: நேர்மையான, பாரபட்சமற்ற விசாரணை அங்கே நடக்க வாய்ப்பில்லை, வழக்கத்துக்கு மாறான கடினமான சட்டக் கேள்வி எழுகிறது, தரப்பினர், சாட்சிகள் ஆகியோரின் பொது வசதி, நீதியின் நலன். காகிதத்தில் அகலமாகத் தெரியும். நடைமுறையில் எவ்வளவு இறுக்கம் என்பதைத் தீர்ப்புகளைப் பார்த்தால் புரியும்.

எல்லோரும் மேற்கோள் காட்டுவது மேனகா காந்தி எதிர் ராணி ஜேத்மலானி (1979). பம்பாயில் தன்மேல் போட்ட அவதூறுக் கேஸை டெல்லிக்கு மாற்றக் கேட்டார் மேனகா காந்தி. நீதிபதி கிருஷ்ணய்யர் மறுத்தார். நேர்மையான விசாரணைதான் நீதி வழங்கலின் முதல் கட்டாயம். ஆனால் ஒரு தரப்பின் வசதி, நல்ல வக்கீல் கிடைக்காதது, மிகைப்பட்ட தொட்டாற்சிணுங்கித்தனம் போன்ற சிறு குறைகளுக்காக கேஸை மாற்ற முடியாது, அதைவிடக் கனமான காரணம் வேண்டும் என்றார். அதோடு விடவில்லை. மேனகா காந்தி நேரில் வருவது அவசியமான நாட்களைத் தவிர மற்ற நாட்களில் விலக்குத் தரும்படி வழிகாட்டினார். மேலே நான் சொன்ன சிறிய நிவாரணம் எவ்வளவு பயனுள்ளது என்பதற்கு இதுவே சான்று.

மாற்றப்பட்ட கேஸ்களில் நமக்கு நன்றாகத் தெரிந்தது ஜெயலலிதா சொத்துக் குவிப்பு வழக்கு. சென்னையில் அரசுத் தரப்புச் சாட்சிகள் ஏறக்குறைய முழுவதுமாக விசாரிக்கப்பட்ட நிலையில் 2001 இல் ஆட்சி மாறியது; எதிரியே முதலமைச்சரானார். 76 சாட்சிகள் மறு குறுக்கு விசாரணைக்குத் திரும்ப அழைக்கப்பட்டார்கள். 64 பேர் முன்பு சொன்னதிலிருந்து பின்வாங்கினார்கள். அரசு வழக்கறிஞர் அதை எதிர்க்கவும் இல்லை, பிறழ்ந்தவர்களைப் பிறழ்சாட்சியாக அறிவிக்கச் சொல்லவும் இல்லை. திமுக பொதுச்செயலாளர் க.அன்பழகன் உச்ச நீதிமன்றம் போனார். அரசியல் எதிரியான இவருக்கு என்ன உரிமை என்று கேட்டார்கள். சட்டம் 'வழக்கின் தரப்பினர்' என்று சொல்லவில்லை, 'அக்கறையுள்ள தரப்பினர்' என்றுதான் சொல்கிறது. எதிர்க்கட்சித் தலைவர்களுக்கும் அந்த அக்கறை உண்டு என்றது நீதிமன்றம். 2003 நவம்பர் 18 இல் கேஸ் பெங்களூருக்குப் போனது. 2014 செப்டம்பர் 27 இல் தண்டனைத் தீர்ப்பு வந்தது.

அந்தத் தீர்ப்பை வழக்கு நடத்துபவர்கள் ஒருமுறையாவது முழுவதும் படிக்க வேண்டும். "ஆளுங்கட்சி செல்வாக்கு" என்று பொதுவாகச் சொல்லி அன்பழகன் தரப்பு ஜெயிக்கவில்லை. எத்தனை சாட்சி, எப்போது திரும்ப அழைக்கப்பட்டார்கள், அரசு வழக்கறிஞர் என்ன செய்யாமல் விட்டார் என்று கோர்ட்டின் சொந்தப் பதிவுகளிலிருந்தே எடுத்துக் காட்டினார்கள்.

எதிரியின் மனுவும் ஜெயிக்கும். காஞ்சிபுரம் சங்கரராமன் கொலை வழக்கில் எதிரியாக இருந்த காஞ்சி மடாதிபதி ஜெயேந்திரர் கேட்டார். அவருக்காக வாதாடிய வக்கீல்கள் மீதே கேஸ், எழுதிய பத்திரிகையாளர்கள் மீது கேஸ், மடத்தின் வங்கிக் கணக்குகள் முடக்கம் என்று மாநில அரசு எல்லை மீறி நடந்துகொண்டதை உச்ச நீதிமன்றம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தது. 2005 அக்டோபரில் செங்கல்பட்டிலிருந்து கேஸ் புதுச்சேரிக்கு மாறியது. மேலே இருக்கும் உயர் நீதிமன்றம் அதேதான். மாறியது வழக்கை நடத்தும் அரசு. சிக்கல் எங்கே இருந்ததோ அதற்கு ஏற்ற அளவு மாற்றம். 2013 நவம்பரில் அனைவரும் விடுதலையானார்கள்.

ஊரே கொந்தளித்திருந்தால்? ஜம்மு காஷ்மீரின் கதுவா வழக்கைப் பாருங்கள். எட்டு வயதுச் சிறுமி கொல்லப்பட்ட அந்தக் கேஸில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்வதையே உள்ளூர் வக்கீல்கள் தடுக்க முயன்றார்கள். 2018 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் விசாரணையைப் பஞ்சாபின் பதான்கோட்டுக்கு மாற்றியது. குடும்பம் கேட்டது சண்டிகர். நீதிமன்றம் தேர்ந்தெடுத்தது கதுவாவுக்கு அருகிலிருந்த பதான்கோட். நாள்தோறும் விசாரணை, மூடிய அறையில் விசாரணை, உருது வாக்குமூலங்களை மொழிபெயர்த்துத் தருவது என்று எல்லாவற்றையும் அதே உத்தரவில் எழுதியது. 2019 ஜூன் 10 இல் தீர்ப்பு வந்து ஆறு பேர் குற்றவாளிகளாயினர்.

ஆனால் பதற்றம் என்ற சொல் மட்டும் போதாது. கோயம்புத்தூர் குண்டுவெடிப்புக் கேஸைத் தமிழ்நாட்டுக்கு வெளியே மாற்றக் கேட்டார் அதில் எதிரிகளில் ஒருவரான அப்துல் நாசர் மதானி. பயம் நியாயமானதாக இருக்க வேண்டும், கற்பனையாக இருக்கக் கூடாது என்று சொல்லி 2000 இல் மனுவைத் தள்ளியது உச்ச நீதிமன்றம். கோயம்புத்தூரிலேயே விசாரணை நடந்தது. 2007 இல் அந்த விசாரணைக் கோர்ட்டே மதானியை விடுதலை செய்தது.

நாகர் சிங் யாதவ் வழக்கில் (2011) எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தொகுத்துத் தந்தது. அரசு இயந்திரமோ அரசுத் தரப்போ எதிரியோடு கைகோத்திருக்கிறதா, சாட்சிகளுக்கோ புகார்தாரருக்கோ ஆபத்து உண்டா, எல்லாத் தரப்புக்கும் சேர்த்து ஒப்பிட்டால் யாருக்கு எவ்வளவு சிரமம், வகுப்புப் பதற்றம் உண்டா, விசாரணையில் யாராவது குறுக்கிடுகிறார்களா என்பவை. வக்கீலைச் சந்திக்கும் முன் உங்கள் கேஸை இந்த வரிசையில் வைத்துப் பாருங்கள்.

எடுபடாதவையும் உண்டு. ஜாமீன் மனுவைத் தள்ளினார், விடுவிப்பு மனுவைத் தள்ளினார், வாய்தா தரவில்லை, குறுக்கு விசாரணையில் இடைமறித்துக் கேள்வி கேட்டார் என்பதெல்லாம் பாரபட்சம் ஆகாது. பாதகமான உத்தரவுக்கு மேல்முறையீடும் சீராய்வும் இருக்கின்றன. ஒரு உத்தரவு எதிராக வந்த மறுவாரம் டிரான்ஸ்பர் மனு போட்டால், பிடித்த நீதிபதியைத் தேடுவதாகவே எடுத்துக்கொள்வார்கள்.

ஆதாரம் சேர்ப்பது

நேரம் செலவிட வேண்டியது இங்கேதான். வக்கீலிடம் போகும்முன் நீங்களே செய்யக்கூடிய வேலையும் இதுதான்.

ஒரு நோட்டில் தேதிவாரியாக எழுதுங்கள். எந்த வாய்தாவில் என்ன நடந்தது, யார் இருந்தார்கள், யாரிடம் அன்றே சொன்னீர்கள். பிறகு ஒவ்வொரு நிகழ்வுக்கும் எதிரே, அதைக் காட்டும் ஆவணம் என்ன என்று குறியுங்கள். எதிரே வெற்றிடமாக நிற்பவை மனுவில் பலவீனமான வரிகள்.

கோர்ட் பதிவுகளுக்குத்தான் மதிப்பு அதிகம். காப்பி அப்ளிகேஷன் போட்டு, அன்றாட நடவடிக்கைக் குறிப்பு, சாட்சி வாக்குமூலங்கள், இடைக்கால உத்தரவுகள் ஆகியவற்றின் சான்றிட்ட நகல் வாங்குங்கள். இ-கோர்ட்ஸ் தளத்தில் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போட்டால் வாய்தா வரலாறு முழுவதும் வரும்.

மிரட்டல் என்றால் அன்றே காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்க வேண்டும். வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்பி ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். விசாரணைக் கோர்ட்டிலேயே நடந்ததைச் சொல்லி ஒரு மெமோ தாக்கல் செய்வது இன்னும் நல்லது. கேஸ் கட்டிலேயே அது ஏறிவிடும். ஆறு மாதம் வாயே திறக்காமல் இருந்துவிட்டு, டிரான்ஸ்பர் மனுவில் முதல் தடவையாக மிரட்டல் பற்றி எழுதினால் எந்த நீதிபதியும் நெற்றியைச் சுருக்குவார்.

போனில் வந்த மிரட்டல் ஒலிப்பதிவை அழிக்காதீர்கள், வேறு போனுக்கு மாற்றிவிட்டுப் பழையதை விற்காதீர்கள். மின்னணுச் சாட்சியத்துக்குப் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63 ஆம் பிரிவுச் சான்று தேவைப்படும். கோர்ட் நடவடிக்கையை அனுமதியில்லாமல் ரகசியமாகப் பதிவு செய்யவே கூடாது. அது உங்களையே சிக்கலில் மாட்டிவிடும்.

மனுவும் பிரமாண வாக்குமூலமும்

மனுவோடு உங்கள் பிரமாண வாக்குமூலம், அதாவது அஃபிடவிட், கட்டாயம். அதில் வரிசையாக வர வேண்டியவை: கேஸின் எண், எந்தக் கோர்ட், எந்தப் பிரிவுகள், இப்போது எந்த நிலையில் இருக்கிறது, நீங்கள் யார், பயத்துக்கான நிகழ்வுகள், முன்பு இதே கோரிக்கையோடு மனுப் போட்டதுண்டா, எந்தக் கோர்ட்டுக்கு ஏன் மாற்றக் கேட்கிறீர்கள். முன்பு போட்ட மனுவை மறைத்தால், அந்த ஒரு காரணத்துக்காகவே தள்ளுபடியாகும்.

எழுதும் விதம் பற்றிக் கற்பனையாக ஓர் எடுத்துக்காட்டு. பலவீனமான வரி இப்படி இருக்கும்: "எதிரிகள் பணபலமும் அரசியல் செல்வாக்கும் உள்ளவர்கள் என்பதால் மேற்படி நீதிமன்றத்தில் எனக்கு நீதி கிடைக்காது." இதில் நீதிபதி பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: "மார்ச் 4 அன்று 2 ஆம் சாட்சி சாட்சியம் சொல்ல வந்தபோது, 1 ஆம் எதிரியின் ஆட்கள் இருபது பேர் நீதிமன்ற வாயிலில் அவரைச் சூழ்ந்து திருப்பி அனுப்பினர். அன்று சாட்சி வரவில்லை என்று நடவடிக்கைக் குறிப்பில் பதிவாகியுள்ளது. அன்று மாலையே கொடுத்த புகாரின் சி.எஸ்.ஆர். ரசீதும், மார்ச் 18 வாய்தாவில் தாக்கல் செய்த மெமோவும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன." இரண்டாவதைப் படிக்கும் நீதிபதி முடிவெடுக்கத் தேவையானதெல்லாம் தாளிலேயே இருக்கிறது.

நீதிபதி மேல் குற்றச்சாட்டு எழுதுவதாக இருந்தால் பத்து முறை யோசியுங்கள். நீதிபதிக்கு கேஸில் சொந்தத் தொடர்பு இருக்கிறது, எதிர்த்தரப்புக்கு உறவினர் என்பது போன்ற சரிபார்க்கக்கூடிய விஷயம் என்றால் மரியாதையான சொற்களில் எழுதலாம். "பணம் வாங்கிவிட்டார் என்று பேசிக்கொள்கிறார்கள்" என்ற வரி அவமதிப்பு நடவடிக்கையில் கொண்டுபோய் விடும். மேலும் மனு தோற்றால் நீங்கள் திரும்ப நிற்க வேண்டியது அதே நீதிபதி முன்புதான்.

தாக்கலும் நோட்டீஸும்

எதிரி மனுப் போட்டால், காரணங்களின் நகலோடு அரசு வழக்கறிஞருக்கு எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். நோட்டீஸுக்கும் விசாரணைக்கும் இடையே குறைந்தது 24 மணி நேரம் கழிந்திருக்க வேண்டும். எதிர்த்தரப்பையும் மனுவில் சேருங்கள். அவர்களைக் கேட்காமல் இடமாற்ற உத்தரவு எளிதில் வராது. பல கேஸ்களில் விசாரணைக் கோர்ட் நீதிபதியிடமிருந்தும் அறிக்கை கேட்பார்கள்.

மனுப் போட்டதாலேயே கீழ்க்கோர்ட்டில் விசாரணை நின்றுவிடாது. பலர் ஏமாறுவது இங்கேதான். "டிரான்ஸ்பர் போட்டிருக்கோம்" என்று வாய்தாவுக்குப் போகாமல் இருந்தால் பிடிவாரண்ட் பிறக்கும். விசாரணையை நிறுத்தி வைக்கத் தனியாக இடைக்காலத் தடை கேட்டு, அந்த உத்தரவு கையில் வந்து, அதைக் கீழ்க்கோர்ட்டில் கொடுக்கும்வரை ஒவ்வொரு வாய்தாவுக்கும் போக வேண்டும். தடை கிடைத்தாலும் சிறையில் இருக்கும் எதிரியின் காவலை நீட்டிக்கும் அதிகாரம் கீழ்க்கோர்ட்டுக்குத் தொடரும்.

வீணான, தொல்லை தரும் நோக்கில் போட்ட மனு என்று கண்டால் எதிர்த்தவருக்கு இழப்பீடு தரச் சொல்லலாம். பழைய சட்டத்தில் உயர் நீதிமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் உச்சவரம்பு 1,000 ரூபாயாக இருந்தது. புதிய சட்டத்தில் அந்த வரம்பு இல்லை. நீதிமன்றம் தக்கதென்று கருதும் தொகை. செஷன்ஸ் நீதிபதி 10,000 ரூபாய் வரை விதிக்கலாம்.

வக்கீலுக்குக் கொடுக்க வசதியில்லை என்பதற்காக யாரும் பின்வாங்க வேண்டாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு, உயர் நீதிமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் உள்ள சட்டப்பணிகள் குழுக்கள், 15100 என்ற உதவி எண். டெல்லியில் மனுப் போடுவதற்கும் இந்த வழி திறந்திருக்கிறது.

மனு விசாரணைக்கு வரும் நாளில்

நீதிபதி முதலில் கேட்கப்போவது "எந்தக் கட்டத்தில் இருக்கிறது?" என்றுதான். சாட்சி விசாரணை தொடங்கும் முன் வந்த மனுவுக்கும், வாதம் முடிந்து தீர்ப்புக்கு நிற்கும்போது வந்த மனுவுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. கடைசி நேரத்தில் வந்திருந்தால், ஏன் இப்போது என்பதற்குப் பதில் தயாராக இருக்க வேண்டும்.

இரண்டாவது, சாட்சிகள் எங்கே இருக்கிறார்கள்? முப்பது சாட்சிகளும் ராமநாதபுரத்தில் இருக்க, உங்கள் ஒருவரின் வசதிக்காகக் கேஸைச் சேலத்துக்குக் கேட்டால் நிற்காது. அதனால் மாற்று ஊரைத் தேர்ந்தெடுக்கும்போதே சாட்சிகள் காலையில் கிளம்பி மாலையில் வீடு திரும்பக்கூடிய தூரமாகப் பாருங்கள். உங்களுக்கு வேண்டிய ஊரைப் பிடிவாதமாகக் கேட்பதைவிட, "மாண்பமை நீதிமன்றம் தக்கதெனக் கருதும் வேறு நீதிமன்றம்" என்ற மாற்றுப் பிரார்த்தனையையும் சேர்ப்பது புத்திசாலித்தனம்.

மறுபக்கத்தில் நின்று நோட்டீஸ் வாங்கியவரா நீங்கள்? மனுதாரர் இழுத்தடித்த வாய்தாக்களின் பட்டியல், இதுவரை விசாரித்த சாட்சிகளின் எண்ணிக்கை, மாற்றினால் உங்கள் தரப்புக்கு வரும் சிரமம் ஆகியவற்றோடு எதிருரை தாக்கல் செய்யுங்கள். அவர் பயம் தீர வேறு வழி இருந்தால் அதையும் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்: போலீஸ் பாதுகாப்பு, காணொலி, நேரில் வர விலக்கு. மாற்றாமலே குறை தீரும் என்று தெரிந்தால் நீதிமன்றம் அந்தப் பக்கமே சாயும்.

மணிப்பூர் இனக்கலவரக் கேஸ்களில் 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இரண்டையும் சேர்த்துச் செய்தது. சி.பி.ஐ. கேஸ்களை அசாமில் நியமிக்கப்படும் நீதிபதிகளிடம் கொடுத்தது. ஆனால் பாதிக்கப்பட்டவர்களும் சாட்சிகளும் மணிப்பூரில் இருந்தபடியே காணொலியில் சாட்சி சொல்லலாம் என்றது. வீடிழந்து முகாம்களில் இருந்தவர்களை மாநிலம் விட்டு மாநிலம் அலையவிடாத ஏற்பாடு. இனிமேல் இடமாற்றம் கேட்பவர்கள் எல்லோரும் எடுத்துக்காட்ட வேண்டிய உத்தரவு என்பது என் கருத்து.

உத்தரவு வந்த பிறகு

உத்தரவின் சான்றிட்ட நகலை வாங்கி இரண்டு கோர்ட்டிலும் கொடுங்கள். கேஸ் கட்டும் சொத்துப் பொருட்களும் போய்ச் சேர்ந்தனவா என்று பெஞ்ச் கிளார்க்கிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். புதிய கோர்ட்டில் புதிய எண் விழும். அதைக் குறித்துக்கொண்டால்தான் முதல் வாய்தா தவறாது. எதிரியாக இருந்தால் புதிய பிணைப்பத்திரம் வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டு, ஜாமீன்தாரர்களிடம் சொல்லி வையுங்கள்.

முன்பு சாட்சி சொன்னவர்கள் எல்லோரும் மறுபடி சொல்ல வேண்டுமோ என்று பயப்பட வேண்டாம். பி.என்.எஸ்.எஸ். 365 (பழைய 326) படி, பழைய நீதிபதி பதிவு செய்த சாட்சியத்தின் மேலேயே புதிய நீதிபதி தொடரலாம். தேவை என்று கருதினால் யாரையாவது திரும்ப அழைப்பார். சுருக்கமுறை விசாரணையாக நடந்த கேஸ்களுக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை. அவை முதலிலிருந்து நடக்கும்.

மாநிலம் மாறினால் இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். ஒன்று, அரசு வழக்கறிஞரை யார் நியமிப்பது என்பது. ஜெயலலிதா வழக்கின் மேல்முறையீட்டில் தமிழ்நாடு அரசு நியமித்த வழக்கறிஞர் ஆஜரானது செல்லாது, கேஸ் போய்ச் சேர்ந்த கர்நாடகத்துக்குத்தான் அந்த அதிகாரம் என்று 2015 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சங்கரராமன் வழக்கிலும் நியமிக்கும் உரிமை புதுச்சேரிக்கே என்று முடிவானது. புகார்தாரராக இருந்தால் புதிய மாநிலத்தின் அரசு வழக்கறிஞரைச் சீக்கிரமே சந்தித்துக் கேஸை விளக்குங்கள். அவருக்கு உங்கள் ஊரும் தெரியாது, ஆட்களும் தெரியாது. இரண்டாவது மொழி. தமிழில் பதிவான வாக்குமூலங்களும் ஆவணங்களும் மொழிபெயர்க்கப்பட வேண்டும். சாட்சிக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். இவற்றை மாற்றக் கேட்கும் மனுவிலேயே பிரார்த்தனையாகச் சேர்த்து, உத்தரவிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டால், மொழிபெயர்ப்புக்காகவே வாய்தாக்கள் ஓடும்.